வேர்ட்ஸ்வொர்த்தின் பிள்ளைமையும் ‘கள்ளமின்மை’ என்னும் சொல்லும்

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் இயற்றிய ‘ஓட்’ என்னும் நெடும்பாட்டினை முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியப் பாடமாக நடத்துங்கால், ‘பிள்ளைப் பருவத்துக் கள்ளமின்மை நீங்கியதற்கு இரங்கிப் பாடியது’ என அதன் பொருளை ஒரு தொடரில் அடக்கிக் கூறி மேற்செல்லுதல் எம் வழக்கமாக இருந்தது. மாணவரும் அதனையே குறித்துக்கொண்டனர். தேர்வுத்தாளிலும் அதனையே எழுதினர். யாமும் மதிப்பெண் இட்டோம். ஒருநாள் மாணவி ஒருவர் எழுந்து, ‘ஐயா, கள்ளமின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இப்பாட்டில் எவ்விடத்து வருகின்றது?’ என வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு பாட்டு முழுவதையும் சொற்சொல்லாக நோக்கினோம். அச்சொல் ஒரே ஓரிடத்துத்தான் வருகின்றது. அதுவும் இறுதிப் பகுதியில், புதிதாய்ப் பிறக்கும் நாளின் ஒளிக்கு அடையாக வருகின்றது. குழந்தைக்கு அடையாக வரவில்லை. அவ்வொளி இன்னும் இனிதாகவே உள்ளது என்பது அவ்விடத்துக் கவிஞர் கூற்று. எனவே, தாம் இழக்காத ஒன்றைக் குறிக்கவே அவர் அச்சொல்லை ஆண்டுள்ளார். பல்லாண்டு யாம் கற்பித்த தொடர் பாட்டின் சொல்லாட்சிக்கே மாறாக நின்றமை அன்று எமக்குப் புலனாயிற்று.

அங்ஙனமாயின் அவர் இழந்ததாகக் கூறுவது யாது? அதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள். ஒரு சொல்லைப் பற்றிய வழக்குத்தானே எனச் சிலர் கருதலாம். சொல் பிழைத்தமையாற் பாட்டே வேறொன்றாகிவிட்டது என்பதனைப் பின்னர்க் காட்டுவோம்.

பாட்டின் வரலாற்றினை முதற்கண் சுருக்கமாக அறிதல் வேண்டும். 1802 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆம் நாள், கிராஸ்மியர் என்னும் ஊரில் வாழ்ந்த வேர்ட்ஸ்வொர்த், வானவில்லைக் குறித்து ஒன்பது அடிகளால் ஆன சிறு பாட்டொன்றை எழுதினார். மறுநாட் காலை உணவின்போது ஓட் ஒன்றன் பகுதியை எழுதினார் என அவர் தங்கை டாரதி தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். முதல் நான்கு பகுதிகள் அவ்விளவேனிலில் எழுந்தன. நான்காம் பகுதி, முன்பு கண்ட ஒளி எங்குச் சென்று மறைந்தது என்னும் வினாவோடு நின்றுவிட்டது. எஞ்சிய ஏழு பகுதிகளும் 1804 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் முற்றுப்பெற்றன. இடையே இரண்டாண்டேனும் கழிந்ததென்று கவிஞரே 1843 இல் இஸபெல்லா ஃபென்விக் அம்மையாரிடம் சொல்லி எழுதுவித்த குறிப்புகளிற் கூறியுள்ளார். 1807 இல் வெளிவந்த இரு தொகுதிக் கவிதை நூலின் இறுதியில், ‘ஓட்’ என்னும் ஒற்றைச் சொல்லே தலைப்பாக, வெர்ஜிலின் இலத்தீன் தொடரொன்றை முகப்பிற் கொண்டு இஃது அச்சாயிற்று. பிள்ளைப் பருவ நினைவுகளால் அழியாமையை உய்த்துணர்தல் என்று பொருள்படும் நீண்ட தலைப்பு 1815 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் சேர்ந்தது. வெர்ஜில் நீங்க, வானவிற் பாட்டின் இறுதியடிகள் முகப்பிற்கு வந்தன. நெடுந்தலைப்புப் பெறாத பாட்டினை 1807 இற் படித்த ஃபிரான்ஸிஸ் ஜெஃப்ரி, ‘எடின்பரோ ரிவ்யூ’ இதழில் இதனை விளங்காப் பாட்டென ஒதுக்கினார். பின்வந்தோர் தலைப்பினைக் கொண்டே பாட்டை அளந்தனர். இவ்விரண்டனுள் எது பெருங்குறை எனக் கூறுதல் எளிதன்று.

இனிப் பாட்டினுட் புகுவோம். புல்வெளி, தோப்பு, ஓடை முதலிய எளிய பொருள்கள் யாவும் ஒருகாலத்துத் தமக்கு விண்ணொளி போர்த்தனவாய்த் தோன்றின என்றும், இன்று எங்கு நோக்கினும் அவ்வாறு தோன்றவில்லை என்றும் முதற்பகுதி கூறும். இரண்டாம் பகுதியிலோ, வானவில்லும் ரோசாவும் நிலவும் ஞாயிறும் அழகாகவே உள்ளன எனக் கவிஞர் ஒப்புகின்றார். இவ்வொப்புதல் கூர்ந்து நோக்கத்தக்கது. உலகின் அழகு குறையவில்லை. காண்பான் கண்ணில் ஒன்று குறைந்தது. தாம் தீயவராயினர் என்றோ, பொய்யும் வஞ்சமும் பழகினர் என்றோ அவர் ஓரடியிலேனும் கூறவில்லை. ஒழுக்கத்திற் படிந்த மாசு எதனையும் இப்பகுதிகளிற் காண்டல் அரிது. இழப்பு முழுவதும் காட்சியின்கண் நிகழ்ந்தது.

நான்காம் பகுதியில் மே மாதத்து மகிழ்ச்சி ஆரவாரத்தினிடையே பாட்டுத் திடீரெனத் திரும்புகின்றது. பல மரங்களுள் ஒரு மரம், தாம் நோக்கிய ஒரு வயல், காலடியில் ஒரு பான்சிப் பூ ஆகிய மூன்றும், போய்விட்ட ஒன்றைப் பற்றிப் பேசுகின்றன என்கின்றார். எந்த மரம், எந்த வயல் எனக் கூறவில்லை. இவ்விடத்தைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பராகிய ஹென்ரி க்ராப் ராபின்சன், பிறர்க்கு இப்பாட்டினைப் படித்துக் காட்டுங்கால் அம்மரத்தைப் பற்றிய அடிகளை விட்டுவிடுவது உண்டாம். கேட்போர் நகைப்பர் என்னும் அச்சமே காரணம். வில்லியம் பிளேக்கின் இறுதி ஆண்டுகளில் அவர்க்கு இதனைப் படித்தபொழுது, அவ்வடிகளே பிளேக்கைத் தம்மை மறக்கும் பெருங்களிப்பில் ஆழ்த்தின என ராபின்சன் எழுதியுள்ளார்.

கள்ளமின்மை என்னும் சொல்லுக்கு உரிமை பூண்டவர் இந்தப் பிளேக்கே ஆவர். ‘கள்ளமின்மைப் பாடல்கள்’ என்னும் அவர் நூல் 1789 இலும், அதனோடு ‘பட்டறிவுப் பாடல்கள்’ இணைந்த நூல் 1794 இலும் வெளிவந்தன. இலண்டன் நகரத்துப் புகைபோக்கிகளைத் துடைக்கும் சிறுவனைப் பற்றி இரு நூலிலும் ஒவ்வொரு பாட்டு உண்டு. முன்னதில் அவன் நம்பிக்கையோடு கனவு காண்கின்றான். பின்னதில் தன் துயரத்தின்மேல் எழுப்பப்பட்ட பெற்றோர், குரு, அரசன் ஆகியோரின் அறத்தை அறிந்து பேசுகின்றான். பிளேக்கின்கண் கள்ளமின்மை பிறரால் பறிக்கப்படுவது. பறித்தவர் இன்னார் எனச் சுட்டிக் காட்டலாம். அவர்க்கு முன்னர் 1650 இல் நூல் வெளியிட்ட ஹென்ரி வாகனும், பாவம் இன்னதென்று அறியாத வெண்மையுடையதாகவே தம் இளமையைப் பாடினார். வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டில் பறித்தவரும் இல்லை, பாவமும் இல்லை. ஆங்கிலப் புனைவியற் கவிஞர் அனைவரையும் ஒரே வாய்பாட்டில் அடக்கும் பாடநூல் முறையே, பிளேக்கின் சொல்லை எடுத்து வேர்ட்ஸ்வொர்த்தின்மேற் சார்த்தியது என்பது எம் துணிபு. பிளேக்கோ இருவரும் ஒருவரல்லர் என்பதனை நன்கறிந்திருந்தார். வேர்ட்ஸ்வொர்த்தின் 1815 ஆம் ஆண்டுப் பதிப்பின் ஓரங்களில் 1826 இல் அவர் எழுதிய குறிப்புகளில், இயற்கையைத் தெய்வமாக்கும் போக்கினைக் கடிந்துள்ளார்.

கவிஞர் தம் பிள்ளைப் பருவத்தை எவ்வாறு நினைவுகூர்ந்தார் என்பதனை அறிய ‘பிரிலூட்’ என்னும் தன்வரலாற்றுக் காவியமே சான்று. இதனைக் கவிஞர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. 1850 ஏப்ரலில் அவர் இறந்தபின் அவ்வாண்டு ஜூலையில் அது வெளிவந்தது. 1805 ஆம் ஆண்டுப் படியை எர்னஸ்ட் டி செலின்கோர்ட் 1926 இற் பதிப்பித்தார். ஆதலின் நாற்பது ஆண்டுகட்கு மேலாக ஓட் என்னும் பாட்டினைக் கற்றோர், அதன்கண் வரும் குழந்தை யார் என்பதனைக் காட்டும் பெருஞ்சான்றினைக் காணாமலே கற்றனர்.

காவியத்தின் முதற்பகுதியிலே இச்சிறுவன் நமக்கு அறிமுகமாகின்றான். இரவில் மலைச்சரிவுகளிற் காட்டுப் பறவைகட்குக் கண்ணி வைக்கின்றான். அஃதோடு அமையாது, பிறன் வைத்த கண்ணியிற் பட்ட பறவையைத் தான் எடுத்துக்கொள்கின்றான். எடுத்த அளவில், தன் பின்னே யாரோ மூச்சு விடும் ஓசையும் அடிச்சுவடும் தொடர்வனவாக உணர்கின்றான். மற்றோர் இரவில் அல்ஸ்வாட்டர் என்னும் ஏரிக்கரையில் வில்லோ மரத்திற் கட்டியிருந்த இடையன் ஒருவனது தோணியை, உடையவனைக் கேளாமல் அவிழ்த்துக்கொண்டு செல்கின்றான். களவு என்பதனை அறிந்தே செய்கின்றான். அதில் அவனுக்கு இன்பமும் உண்டு, நெஞ்சுறுத்தலும் உண்டு. கரையிலுள்ள பாறை முகட்டின்மேல் கண்ணை நிறுத்தித் துடுப்பு வலிக்க, அதற்கும் அப்பாலுள்ள பெருங்கரிய மலை ஒன்று, தோணி விலக விலக, எழுந்து எழுந்து தன்னைத் துரத்துவதுபோல் அவனுக்குத் தோன்றுகின்றது. நடுநடுங்கித் திரும்புகின்றான். அதன்பின் பல நாள் அவன் உள்ளத்தில் மரம், கடல், வானம், வயல் என்னும் பழகிய வடிவம் எதுவும் நிற்கவில்லை. மனிதரைப்போல் வாழாத பெருவடிவங்கள் பகலில் உள்ளத்தினூடே அசைந்தன. இரவில் கனவைக் கலைத்தன.

இச்சிறுவனைக் கள்ளமற்றவன் என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்? தோணி திருடியவன் கள்வன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கவிஞர் தம் வாழ்வின் பெரும்பேறுகளுள் ஒன்றாக அவ்விரவைப் போற்றுகின்றார். களவு இல்லையாயின் அம்மலை எழுந்திராது. இயற்கை அவனை இன்பத்தால் மட்டுமன்றி அச்சத்தாலும் வளர்த்தது என்பது அக்காவியத்தின் அடிப்படைக் கருத்து.

அவர் இளமை துயரறியாததும் அன்று. 1770 இல் காக்கர்மத் என்னும் ஊரிற் பிறந்த அவர், எட்டு வயது நிரம்பு முன்னர் 1778 இல் தாயை இழந்தார். தங்கை டாரதி உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பட, இருவரும் ஒன்பதாண்டு பிரிந்திருந்தனர். 1783 இல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக வீடு செல்லவிருந்த நாளில், தம்மையும் உடன்பிறந்தார் இருவரையும் அழைத்துச் செல்லக் குதிரைகள் எவ்வழி வரும் எனக் காண, ஹாக்ஸ்ஹெட் பள்ளியை அடுத்த மேடொன்றில் ஏறிப் பனிமூட்டத்தில் அமர்ந்திருந்தார். வலப்பக்கம் ஓர் ஆடு. இடப்பக்கம் ஒரு முட்செடி. வீடு சென்ற பத்து நாளுக்குள் தந்தை இறந்தார். தாம் அன்று கொண்ட பேராவலுக்குக் கிடைத்த தண்டனை அது எனப் பதின்மூன்று வயதுச் சிறுவன் கருதினான். அந்த ஆடும் முட்செடியும் மூடுபனியும் பின்னாளில் தாம் சென்று பருகும் ஊற்றாயின என்கின்றார் கவிஞர். யாதொரு சிறப்பும் இல்லாத முட்செடி ஒன்று ஊற்றாகின்றது. ஓட் பாட்டில் வரும் ஒற்றை மரத்தினையும் இதனோடு வைத்து எண்ணுக.

இனி, பாட்டு நின்றுபோன இரண்டாண்டு இடைவெளிக்கு வருவோம். நான்கு பகுதிகள் எழுந்த சில நாள்களில், ஏப்ரல் 4 ஆம் நாள், கெஸிக் ஊரில் வாழ்ந்த கோல்ரிட்ஜ் பாட்டுவடிவில் மடல் ஒன்று எழுதினார். இயற்கையினிடத்து நாம் காணும் ஒளி நம் உள்ளத்தினின்றே செல்வது. உள்ளத்து மகிழ்ச்சி வற்றியபின் மலையும் விண்மீனும் அழகென்று காணப்படுமே தவிர உணரப்படா என்பது அதன் சாரம். பின்னர் அதனைச் சுருக்கி, ‘சோர்வு’ எனப் பொருள்படும் தலைப்பில் அவர் வெளியிட்ட நாள் 1802 அக்டோபர் 4; வேர்ட்ஸ்வொர்த்தின் திருமண நாளும் அதுவே. நண்பரின் வினாவுக்கு நண்பர் தந்த இவ்விடை கடுமையானது. உள்ளமே ஒளியின் பிறப்பிடம் எனின், ஒளி போனமைக்குக் குறை கூறத் தன்னையன்றிப் பிறர் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் கவிஞர் தங்கையோடு கலே துறைமுகத்திற்குச் சென்றார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டிருந்த காலம் அது. அங்கு அனெட் வலோன் என்னும் பிரெஞ்சு நங்கைக்கும் தமக்கும் 1792 டிசம்பரில் பிறந்த கரோலின் என்னும் மகளைக் கண்டார். மகள் பிறந்தபொழுது உடனிராத தந்தை அவர். அவளுக்கு அப்பொழுது ஒன்பது வயது. மாலைக் கடற்கரையில் அவளோடு நடந்ததைப் பாடிய பதினான்கடிப் பாட்டில், தம்மை ஆட்கொண்ட அடக்கமான பெருநினைவு அச்சிறுமியைத் தொட்டதாகத் தோன்றவில்லை எனினும், அவள் இயல்பு தெய்வத்தன்மையிற் குறைந்ததன்று என்கின்றார். தான் உடையதைத் தான் அறியாதிருத்தல் குழந்தையின் இயல்பு. அறிந்தபின் உடையனாதல் இல்லை. ஓட் பாட்டின் பிற்பகுதிக்கு வித்து இங்கே கிடந்தது எனக் கருதற்கு இடனுண்டு.

1804 இல் தொடர்ந்த ஐந்தாம் பகுதி விடையைத் தொடங்குகின்றது. பிறப்பு என்பது துயிலும் மறதியும். உயிர் வேறோரிடத்து இருந்து ஒளியோடு வருகின்றது. குழந்தைக்கு வானம் அருகில் உள்ளது. சிறுவன்மேற் சிறை நிழல் கவியத் தொடங்குகின்றது. இளைஞன் ஒளியினின்றும் அன்றாடம் விலகிச் செல்கின்றான். முதிர்ந்தவன் அது பகல் வெளிச்சத்திற் கரைந்து போதலைக் காண்கின்றான். இது பிளேட்டோவின் முற்பிறப்புக் கொள்கை என்பர். ஒரு வேறுபாடு உண்டு. பிளேட்டோவின் நூல்களிற் பிறந்தவுடன் மறந்த உயிர் கற்கக் கற்க நினைவு பெறும். வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டில் வளர வளர மறக்கும். இக்கொள்கையை நம்பிக்கைக்குரிய சமயக் கருத்தாகத் தாம் கூறவில்லை என்றும், பாட்டின் தேவைக்கு ஏற்ற ஒன்றாகக் கொண்டதாகவும் ஃபென்விக் குறிப்பிற் கவிஞரே விளக்கியுள்ளார்.

ஆறாம் பகுதி தமிழ் கற்றார்க்குத் தனிச் சுவை தருவது. இயற்கைக் கவிஞர் எனப் பெயர் பெற்றவர், இயற்கையை இங்குத் தாய் என்னாது செவிலி என்கின்றார். மண்மகள் தன்பால் உள்ள இன்பங்கள் அனைத்தையும் காட்டி, தான் வளர்க்கும் பிள்ளை அது வந்த அரண்மனையை மறக்கும்படி தன்னால் இயன்றதைச் செய்கின்றாளாம். தீய எண்ணத்தால் அன்று, செவிலியின் அன்பால். நற்றாயினும் செவிலிக்கு உரிய நெருக்கத்தினை அகத்திணை நூல்களிற் பயின்ற நமக்கு இவ்வுவமையின் ஆழம் எளிதிற் புலனாகும். மறக்கச் செய்பவள் இயற்கை! இயற்கையோடு இயைந்தமையாற் குழந்தைமை காக்கப்படும் என்னும் எளிய வாய்பாட்டிற்கு இப்பகுதியில் இடமே இல்லை.

ஏழாம் பகுதியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தரையிற் படம் வரைந்து விளையாடுகின்றான். ஒருநாள் திருமணம், ஒருநாள் பிணச்சடங்கு, பின்னர் வாணிகம், காதல், பூசல் என முதியோர் வாழ்வினை ஒவ்வொன்றாக நடித்துப் பார்க்கின்றான். தன்மேல் விழப்போகும் நுகத்தடியைத் தானே விரைந்து அழைக்கின்றான். பிளேக்கின் சிறுவனைப் பிறர் விற்றனர். இச்சிறுவனோ ஆவலோடு தானே செல்கின்றான். கோல்ரிட்ஜின் மகன் ஹார்ட்லியை மனத்துட்கொண்டு இப்பகுதி எழுந்ததென்பர். அவனை விளித்த தனிப்பாட்டும் 1802 ஐச் சார்ந்ததே. (ஹார்ட்லி பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரிப் பதவியைக் குடியால் இழந்து, கிராஸ்மியரை அடுத்தே வாழ்ந்து 1849 இல் இறந்தார், புதைக்கும் இடத்தைத் தேர்ந்தவர் முதியவரான வேர்ட்ஸ்வொர்த்.) எட்டாம் பகுதியில் இச்சிறுவனை மெய்ப்பொருள் கண்டோன் எனவும் நிமித்திகன் எனவும் விளிப்பதனைக் கோல்ரிட்ஜ் 1817 இல் தம் ‘பயோகிராஃபியா லிட்டரேரியா’வில் மறுத்துரைத்தார். தேனீக்கும் நாய்க்கும் கதிர் விளைந்த வயலுக்கும் இப்புகழ்ச்சி பொருந்துமே என்பது அவர் வினா. வினா நேரியதே. இப்பகுதியில் குரல் மிக உயர்ந்துவிட்டது என்பதனை ஒப்புதலில் எமக்குத் தடையில்லை.

ஆனால் ஒன்பதாம் பகுதி அக்குறையை நிறைவு செய்கின்றது. எம் வழக்கிற்கும் அதுவே முடிந்த சான்று. கடந்த ஆண்டுகளை நினைத்து நன்றி கூறத் தொடங்கும் கவிஞர், மகிழ்ச்சிக்காகவும் கட்டின்மைக்காகவும் பிள்ளைமையின் எளிய நம்பிக்கைக்காகவும் தாம் நன்றி கூறவில்லை எனத் தாமே வெளிப்படையாக மறுக்கின்றார். அவை போற்றத்தக்கன என்று ஒப்புகின்றார். ஆயினும் தம் நன்றி அவற்றிற்கன்று என விலக்குகின்றார். பின் எதற்கு? கண்முன் உள்ள பொருள் உண்மையோ என எழும் விடாப்பிடியான ஐயங்கட்கு. பொருள்கள் நம்மை விட்டு நழுவி மறையும் கணங்கட்கு. இன்னும் மெய்யாகாத உலகங்களில் அலையும் உயிரின் வெறுந்திகைப்புக்கு. நம் சாவுடைய இயல்பு, பிடிபட்ட குற்றவாளிபோல் நடுங்கிய அந்நிலைக்கு. இவ்வீற்றுத் தொடர் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் சேவற்குரல் கேட்டு மறையும் ஆவியைப் பற்றிய உரையை நினைவூட்டுவது. பாட்டின் உயிர்நிலையான இடத்தில் ‘குற்றம்’ என்னும் சொல் நிற்கின்றது. இழந்த பேறு என அவர் கருதியது அந்நடுக்கத்தினையே என்க. பள்ளிக்குச் செல்லும் வழியில், புறவுலகம் தம் எண்ணமாகவே கரைந்துவிடும் போல் தோன்ற, சுவரையோ மரத்தையோ பற்றிக்கொண்டு தம்மை மீட்டுக்கொண்டது உண்டு என்று ஃபென்விக் குறிப்பிற் கூறியதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

இந்நிலைக்குத் தமிழிற் சொல் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையினையும் அச்சத்தினையும் அடுத்தடுத்து வைத்தது. மிகப் பெரியது, மிகச் சிறியது, முன் கண்டறியாதது, ஒன்று பிறிதொன்றாவது ஆகியவற்றால் அறிவு நிரம்பாத இடத்துப் பிறப்பது மருட்கை. மலை துரத்தியது பெருமை பற்றிய மருட்கை. பான்சிப் பூ பேசியது சிறுமை பற்றியது. அச்சம் பிறக்கும் களன்களை எண்ணுங்கால் தொல்காப்பியர் அணங்கினை முதற்கண் வைக்கின்றார். அல்ஸ்வாட்டர் ஏரியில் எழுந்த மலையினை அணங்கு என்றலின் மிக்க சொல் உண்டோ? ஆதலின் அச்சங்கலந்த மருட்கை என்னும் தொடரை யாம் இப்பொழுது வகுப்பில் ஆளுகின்றோம். இயற்கை குறித்த ஆங்கில உணர்வும் தமிழ் மெய்ப்பாடும் ஒன்றே என்பது எம் கருத்தன்று. மொழிபெயர்ப்புக்குப் பிழையில்லாச் சொல் ஒன்று வேண்டும், இது அத்துணையே.

இழப்பினை ஈடுசெய்யப் பத்து, பதினோராம் பகுதிகள் முயல்கின்றன. மெய்யுணர்வு முதிர்ந்த உள்ளம், பிறர் துயரத்தினின்று எழும் ஆறுதல், மானிடரின் நிலையாமையைக் கண்ட கண்ணுக்கு மறையும் ஞாயிற்றைச் சூழ்ந்த முகில் காட்டும் அடங்கிய நிறம் ஆகியவை ஈடாகக் கூறப்படுகின்றன. 1798 இல் டின்டர்ன் மடத்தை நினைந்து எழுதிய பாட்டிலும் இத்தகைய ஈடு உண்டு; ஆங்கு அது மனநிறைவோடு கூறப்பட்டது. இங்கோ போன ஒளி மீளும் என ஓரிடத்தும் கூறப்படவில்லை. கவித்திறன் வற்றியதற்குக் கவிஞர் பாடிய கையறுநிலை என இப்பாட்டைக் கருதியோர் பலர். லயனல் டிரில்லிங் 1950 ஆம் ஆண்டு நூலில் அதனை மறுத்து, வளர்ச்சியைப் பற்றிய பாட்டு என்றார். டிரில்லிங் கூறுவதே பெரிதும் பொருந்தும்; ஆயினும் வளர்ச்சி எனக் கூறி ஆறுதலை மிகுத்துவிட்டாரோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. தம்பி ஜான் 1805 பிப்ரவரியிற் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தபின், பீல் கோட்டை ஓவியத்தை நினைந்து 1806 இல் எழுதிய பாட்டில், தம்மை விட்டு ஓர் ஆற்றல் போயிற்று, அதனை மீட்க இயலாது எனக் கவிஞர் ஒளியாது கூறுகின்றார். அதுவும் 1807 நூலிலேயே உள்ளது. இரண்டினையும் ஒருங்கு வைத்துப் படிப்பார்க்கு ஈட்டின் எடை குறைவே. மடுவிற் பாய்ந்து மணல் எடுத்த இளமையை நினைந்து, இருமலும் ஊன்றுகோலுமாய் இரங்கிய தொடித்தலை விழுத்தண்டினார், புறநானூற்று 243 ஆம் பாட்டில் ஈடு எதனையும் கோரவில்லை. அவர் இழந்தது உடல் வலியும் ஆட்டமும், கண்ணொளி அன்று. ஆயினும் ஈடு கோராத இரக்கம் என்ற அளவில் அவர் பாட்டே எமக்கு மேலும் நெருங்கி நிற்கின்றது.

எஞ்சிய செய்தி ஒன்று. 1807 ஆம் ஆண்டுப் பதிப்பின் எட்டாம் பகுதியில் நான்கு அடிகள் மிகுதியாக உள்ளன. குழந்தைக்குப் புதைகுழி என்பது ஒளியும் கண்ணுணர்வும் இன்றித் தனியே விழித்துக் கிடந்து எண்ணும் படுக்கையே எனக் கூறுவன அவை. புதைகுழியில் விழித்திருத்தல் அச்சந்தரும் கருத்தெனக் கோல்ரிட்ஜ் கடிந்தார். வேர்ட்ஸ்வொர்த் 1820 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அவ்வடிகளை நீக்கிவிட்டார். நீங்கியபின் நமக்குக் கிடைத்த குழந்தை முன்னதினும் இனியதாயிற்று. கள்ளமின்மை என்னும் சொல் அதன்மேல் எளிதில் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் யாம் இப்பொழுது 1807 ஆம் ஆண்டுப் பாடத்தினையே கொள்கின்றோம். அவ்வடிகள் வெறுங்கற்பனையின் விளைவல்ல என்பதற்கு டாரதியின் நாட்குறிப்பே சான்று. 1802 ஏப்ரல் 29 ஆம் நாள், ஓட் தொடங்கி ஒரு திங்கள் கழிந்தபின், அண்ணனும் தங்கையும் வேலியடிப் பள்ளமொன்றில் அருகருகே படுத்திருந்தனர். கண்மூடி அருவியின் ஒலியையும் பறவைகளின் ஒலியையும் கேட்டுக்கொண்டிருந்த கவிஞர், புதைகுழியிலும் இவ்வாறே கிடந்து மண்ணுலகின் அமைதியான ஓசைகளைக் கேட்டு, அன்புடையார் அருகில் உள்ளனர் என்று மட்டும் அறிந்திருத்தல் எத்துணை இனிது என எண்ணினாராம். அவர்க்கு அப்பொழுது வயது முப்பத்திரண்டு.